டுவைட் ஏன் வேலி தாண்டினான்

அத்தியாயம் 11

போன வாரம் டுவைட்டை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன் என்று உங்களில் பலர் திட்டி எழுதியிருக்கிறீர்கள். என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அவனையும் சேர்த்துத் திட்டியவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டை ஒட்டி ஒரு லட்சத்து எண்பதாயிரம் உயிர்கள் மூச்சுக்குத் திணறும்போது, நீங்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் பட்ஜெட் சண்டை. அரசாங்கம் முடங்கி இன்றோடு இருபத்தோரு நாள். எங்கள் பெல்நாப் ஊரில் அரசாங்கம் என்றால் மீன் பண்ணைதான். ஆற்றில் விடுவதற்கு டிரவுட் குஞ்சுகளை வளர்க்கும் பண்ணை. இந்த மீனை நம்பித்தான் ஊரில் படகுக்காரன் முதல் காபிக் கடைக்காரி வரை பிழைக்கிறார்கள்.

முடங்கினாலும் மீனுக்குப் பசிக்கும். ஆகவே தீனி போடும் ரோண்டாவுக்குச் சம்பளமில்லாத வேலை. அவளுடைய தம்பி, பம்பு மெக்கானிக் டுவைட்டுக்கு வேலையும் இல்லாத கட்டாய விடுப்பு. அது போதாது என்று பத்து நாளைக்கு முன் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. பம்புகள் எல்லாம் தானாகவே ஓடுகின்றனவாம், பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லையாம், அறுபது நாளில் அவன் பணியிடம் நீக்கப்படுமாம். முடக்கத்தைச் சாக்காக வைத்து நாடு முழுக்க இப்படிக் கடிதம் போனது. தொழிற்சங்கம் வழக்குப் போட்டது.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் இடி இடித்து மின்சாரம் போனது. தானாக ஓடுகிற பம்பு தானாக நின்றது. அபாய மணி அடித்தது. கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த டுவைட் வேலியைத் தாண்டினான்.

மூன்று மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வால்வைக் கையால் திருப்பித் திருப்பித் தண்ணீரை ஓட வைத்தான். மீன் பிழைத்தது. மாட்டியது அவன்தான். கட்டாய விடுப்பில் இருப்பவன் அரசாங்க வேலையை இனாமாகக்கூடச் செய்யக் கூடாது. செய்தால் சட்ட விரோதம். வேலையே போகும்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சங்கத்தின் வழக்கை விசாரிக்க நாட்டின் மேற்குக் கரையில் நீதிமன்றம் கூடுகிறது.

*

காலை எட்டரைக்கு டுவைட்டின் மனைவி நோலா, தான் ஓட்டும் பள்ளிக்கூடப் பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, சமையலறை மேஜையில் அவள் நாத்தனாரும் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு காகிதம்.

ரோண்டா பண்ணையில் தீனி போடுவதோடு சங்கப் பிரதிநிதியும்கூட. அவள் ரப்பர் பூட்ஸிலிருந்து மீன் தீனி வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையா?" என்றாள் நோலா.

"உன் புருஷன் கையெழுத்துப் போட மாட்டேங்கறான்," என்றாள் ரோண்டா. "பதினொரு மணிக்குள்ள இந்தப் பிரமாணப் பத்திரம் சங்க வக்கீலம்மாவுக்குப் போகணும். இவன் வேலை ஏன் வேணும்னு இவனே சொல்லணும். ஜட்ஜு அதைத்தான் பாப்பாங்க."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படி நோலா," என்றான் டுவைட்.

நோலா படித்தாள். பத்தொன்பது வருடமாக டுவைட் பம்புகளைப் பராமரிக்கிறான், கவனமானவன், ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்களுக்குக் கொடுக்கிற சான்றிதழ் மாதிரி இருந்தது.

"வெள்ளிக்கிழமை நடந்தது எங்கே?"

"அதை எழுதினா வேலை போயிடும். விடுப்புல வேலை பாத்தேன்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரி," என்றாள் ரோண்டா.

"எழுதலைன்னாலும் போயிடும்," என்றான் டுவைட். "பம்பு நின்னுச்சு, ஆனா மீன் ஒண்ணும் சாகலை. அப்ப யாரு ஓட்டினா? யாரும் இல்ல, தானா சரியாயிடுச்சு. பாத்தியா, ஆள் தேவையே இல்லைன்னு தலைமையகம் சொல்லும். நான் ஓடிப்போய் நின்னதே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

"பின்ன எதுக்குடா ஓடினே?"

"நீ தனியா தீனி வாளியை வெச்சுக்கிட்டு அலறிக்கிட்டிருந்தே."

"நான் ஒண்ணும் அலறலை."

"ஆத்துக்கு அந்தக் கரையில இருக்கிறவங்க எல்லாம் என்கிட்ட விசாரிச்சாங்க."

நோலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஊரே இவர்கள் வாசலில் நன்றி சொல்லிவிட்டுப் போகிறது. படகுக்காரர் ஒருவர் புகை போட்ட பன்றித் தொடையைக் கொண்டுவந்து வைத்தார். காபிக் கடைக்காரி டுவைட் கொடுத்த காசைத் திருப்பித் தந்தாள். இத்தனை பேர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வந்து போகிறார்கள், எழுத்தில் ஒருவரும் சொல்ல முடியாது. சொன்னால் அவனுக்கு ஆபத்து.

பண்ணை மேலாளர் மெர்ல் டில்பெக்கும் அப்படித்தான். சம்பவ அறிக்கையை அன்றே அனுப்பியிருக்க வேண்டிய மனிதர் நாலு நாளாக 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்று தலைமையகத்துக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பம்பை இயக்கியவர் யார் என்ற கட்டம் மட்டும் காலி.

"வேலை போனா வீடும் போகுமே," என்றாள் நோலா மெதுவாக. அவர்கள் இருப்பது பண்ணைக் குவார்ட்டர்ஸ். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்தது இங்கேதான். "காலி பண்ண எத்தனை நாள் தருவாங்க?"

இருவருக்கும் தெரியவில்லை.

நோலா எதையும் தெரியாமல் விட்டுவைக்கிறவள் அல்ல. நேரே படுக்கையறைக்குப் போனாள். அலமாரியிலிருந்து குவார்ட்டர்ஸ் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் நின்று படிக்க ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் டுவைட் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது. சாவி கிடைக்கிற சந்தோஷத்தில் யார்தான் அதையெல்லாம் படிக்கிறார்கள்?

"முப்பது நாள்," என்றாள். "ஏழாவது பத்தி."

பிறகு பக்கத்தை முன்னால் புரட்டினாள். இன்னும் முன்னால். நின்றுவிட்டாள்.

"டுவைட், நாம எதுக்கு இந்த வீட்டுல இருக்கோம்?"

"வாடகை குறைச்சல்."

"விளையாடாதே. பண்ணை வேலியை ஒட்டியே நமக்கு எதுக்கு வீடு குடுத்தாங்க?"

டுவைட் யோசித்தான். "மணி அடிச்சா ஓடிப்போக வசதியா இருக்கும்னு."

"கேளு," என்று நோலா வாய்விட்டுப் படித்தாள். நாலாவது பத்தி. இந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பணியாளர், பணியில் இருந்தாலும் விடுப்பில் இருந்தாலும், நீர் அபாய மணி ஒலித்தால் உடனடியாகப் பண்ணைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் குடியிருப்பு ரத்தாகும்.

முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ரோண்டா நாற்காலியோடு நோலா பக்கம் திரும்பினாள்.

"விடுப்பில் இருந்தாலும்," என்றாள் ரோண்டா. "இன்னொரு தடவை படி."

நோலா இன்னொரு தடவை படித்தாள்.

"அப்ப நான் வேலி தாண்டினது தப்பில்ல," என்றான் டுவைட். "தாண்டாம இருந்திருந்தாத்தான் தப்பு." நாலு நாளாகக் குறுகியே கிடந்த மனிதன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். நோலாவுக்கு அதைப் பார்க்கவே கண் கலங்கியது.

*

வக்கீலம்மா தொலைபேசியில் அவ்வளவு சுலபமாக மயங்கிவிடவில்லை.

"நல்லா இருக்கு. ஆனா எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? முடக்கம் வந்ததும் இந்த உத்தரவெல்லாம் ரத்தாயிடுச்சுன்னு சொல்லும். அப்படி இல்ல, இது இன்னிக்கும் அமல்ல இருக்குன்னு யாராவது எழுதிக் குடுக்கணும். யார் குடுக்க முடியும்?"

"மேலாளர்தான்," என்றாள் ரோண்டா.

"அவர் குடுப்பாரா?"

ரோண்டா தம்பியைப் பார்த்தாள். வழக்கு நடக்கும்போது சங்கத்துக்கு எதுவும் எழுதிக் கொடுக்கக் கூடாது என்று மேலாளர்களுக்கெல்லாம் மேலிடத்திலிருந்து வாய்மொழியாக உத்தரவு வந்திருந்தது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும்.

தொலைபேசியை வைத்ததும் டுவைட் தலையை ஆட்டினான். "அவரை இதுல இழுக்க வேண்டாம். நாலு நாளா அந்த மனுஷன் எனக்காக மூச்சு விடாம இருக்கார். இன்னும் என்னத்தைக் கேக்கறது?"

"நீ கேக்க வேண்டாம். நான் கேக்கறேன்," என்றாள் நோலா. மணி பத்தேகால். காகிதங்களைப் பேருந்தில் பிள்ளைகளின் வருகையைக் குறிக்கும் அட்டையில் செருகிக்கொண்டு கிளம்பினாள். டுவைட்டும் பின்னாலேயே போனான். வேண்டாம் என்று சொன்னவன் சும்மா இருப்பானா?

பண்ணைக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. ஆகவே அவனும் நோலாவும் வேலிக்கு வெளியே நின்றார்கள். ரோண்டா உள்ளே போய் மேலாளரை அழைத்துக்கொண்டு வந்தாள். மெர்ல் டில்பெக் உயரமான மனிதர், அறுபதை நெருங்குகிறவர். அளந்து பேசுகிறவர். கையில் வலையோடு வந்தார். ஆள் குறைவானதால் மூன்று வாரமாகத் தொட்டிகளையும் அவரேதான் சுத்தம் செய்கிறார்.

"குட் மார்னிங் டுவைட். நீ இங்க இல்ல, நான் உன்னைப் பாக்கலை," என்றார்.

"சரிங்க மெர்ல்."

நோலா வேலிக்கு மேலாக அட்டையை நீட்டினாள். "நாலாவது பத்தியைப் படிங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இருபத்தாறு வருஷமா இந்த ஒப்பந்தத்தை நான்தான் எல்லாருக்கும் குடுக்கறேன்," என்றார். "எனக்கே மறந்துபோச்சு. மணி அடிச்சா ஓடுவோம். ஏன் ஓடினேன்னு யாரும் எங்களைக் கேட்டதில்ல."

"இது இன்னிக்கும் அமல்ல இருக்குன்னு நீங்க எழுதிக் குடுக்கணும்," என்றாள் நோலா. "குடுத்தா உங்களுக்குக் கஷ்டம் வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன். முடியாதுன்னா பரவாயில்ல. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இருக்காது."

டுவைட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெர்ல் வலையைக் கீழே வைத்தார். திரும்பித் தொட்டிகளைப் பார்த்தார். வரிசையாகப் பன்னிரண்டு தொட்டி, எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடும் சத்தம். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"என்ன எழுதணும் ரோண்டா?"

"உண்மையை எழுதுங்க, போதும்."

அவர் வேலிக் கம்பத்தில் அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதினார். முடக்கத்தால் இந்த உத்தரவு ரத்தாகவில்லை. ரத்து செய்யும் அதிகாரம் எனக்குத்தான் உண்டு, நான் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை டுவைட் வந்தது இந்த உத்தரவின்படி. அவர் வராமல் இருந்திருந்தால் ஒரு மீன்கூடப் பிழைத்திருக்காது. கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார்.

"அறிக்கையில காலியா இருக்கிற கட்டத்தையும் இன்னிக்கே நிரப்பிடறேன்," என்றார். "நாலு நாளா அதைப் பாக்கவே அசிங்கமா இருந்தது."

டுவைட் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவர் வலையைத் தூக்கிக்கொண்டு, "நீதான் இங்க இல்லையே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டுவைட்டின் பத்திரத்தில் வெள்ளிக்கிழமையைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல ரோண்டா எழுதினாள். இந்த முறை பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான். பத்திரம், ஒப்பந்தம், மேலாளர் எழுதியது என்று மூன்று காகிதமும் பதினொன்றுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது வக்கீலம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

*

நீதிமன்றம் இருப்பது எங்கள் கடிகாரத்துக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கி ஓடுகிற ஊரில். அங்கே பத்தரை என்றால் இங்கே பன்னிரண்டரை. விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்த நேரத்திலிருந்து டுவைட் ஒரே விறகுக் குவியலைக் கலைத்து இரண்டு முறை அடுக்கினான். நோலா அவனுக்குச் சாண்ட்விச் செய்து கொடுத்தாள். அவன் நாய்க்குக் கொடுத்தான்.

"நீ தின்னலைன்னு ஜட்ஜுக்குத் தெரியவா போகுது," என்றாள்.

"நோலா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"போனாலும் போகட்டும். நான் சும்மா அத்துமீறிப் போனவன் இல்லைன்னு காகிதத்துல இருக்கு. அதுவே பெரிசு. நீ போய்த் தேடியிருக்கலைன்னா..."

"நான் வீட்டைக் காலி பண்ற தேதியைத் தேடினேன்," என்றாள் நோலா. ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றேகாலுக்கு நோலா பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற வழியில் இருந்தபோது ரோண்டா கூப்பிட்டாள். பேருந்தை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும் என்பது விதி. நோலா ஓரம் கட்டினாள்.

"நிறுத்தி வெச்சுட்டாங்க," என்றாள் ரோண்டா. குரல் உடைந்திருந்தது. "சங்கத்துல இருக்கிற ஒருத்தரையும் முடக்கம் முடியறவரைக்கும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. அனுப்பின கடிதமும் செல்லாது. ஜட்ஜு அரசாங்க வக்கீல்கிட்ட கேட்டாங்களாம், இந்த ஆள் போயிட்டா அந்தப் பம்பை யார் பாத்துப்பாங்கன்னு. அவர் தன்கிட்ட அந்தத் தகவல் இல்லைன்னு சொன்னாராம்."

"பம்பு? நம்ம பம்பா?"

"நம்ம பம்புதான். நாலாவது பத்தியை வாய்விட்டே படிச்சாங்களாம்."

நோலா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். பின்னால் பிள்ளைகள் எல்லாம் சத்தம் அடங்கிப் பார்த்தன. ஒரு பெண் குழந்தை வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டது. "இல்லடா கண்ணு," என்றாள் நோலா. "யாரும் சாகலை." எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அன்றைக்கு அவளைவிட நன்றியோடு வண்டி ஓட்டியவர் யாருமில்லை.

*

ஐந்து மணிக்கு ஒரு சட்டி பீன்ஸும் சூடான சோள ரொட்டியுமாக மூவரும் மெர்லின் குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். அதே வரிசையில் மூன்றாவது வீடு. அவர் மனைவி லிட்டில் ராக் நகரில் பேரக்குழந்தையைப் பார்க்கப் போயிருந்தாள். அந்த மனிதர் மூன்று வாரமாக டப்பா சூப்பில் உயிர் வாழ்கிறார் என்று நோலாவுக்குத் தெரியும்.

டுவைட் வழியெல்லாம் வார்த்தையைத் தயார் செய்துகொண்டு வந்தான். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"மெர்ல், நான் வந்து..." என்றான்.

"வந்துட்டே, உள்ள வா. இங்க நீ வரலாம்," என்றார் அவர். "வெள்ளிக்கிழமை நீ தண்ணியில நின்னதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும். இருபத்தாறு வருஷம் வளத்த மீனு."

நோலா மேஜையில் சட்டியை வைக்க இடம் ஒதுக்கினாள். ஒதுக்கிய காகிதங்களில் மேலே இருந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவள் அந்த எழுத்து வடிவத்தைப் பத்து நாளாகத் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது. அறுபது நாள். மேலே பெயர் மெர்ல் டில்பெக்.

"இது எப்ப வந்தது?" என்றாள்.

"டுவைட்டுக்கு வந்த அன்னிக்கே. ரெண்டும் ஒண்ணாத்தான் வந்தது."

"எங்ககிட்ட சொல்லவே இல்லையே," என்றான் டுவைட்.

"சொல்லியிருந்தா காலையில நீ என்னைப் பேனாவை எடுக்க விட்டிருப்பியா?"

"சரி, இப்பதான் எல்லாம் நின்னுபோச்சே," என்று டுவைட் சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்தான். ரோண்டாவின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினான்.

"உத்தரவு சங்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான்டா," என்றாள் ரோண்டா. "மேலாளருங்க சங்கத்துல சேர முடியாது. சட்டமே விடாது."

"அது எனக்குக் காலையிலேயே தெரியும்," என்றார் மெர்ல். "பரவாயில்ல. ரொட்டி ஆறிடப் போகுது, உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. நன்றி சொல்லத்தான் வந்தார்கள். இப்போது அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

"அந்த வக்கீலம்மா நம்பரைக் குடு," என்றான் டுவைட் ரோண்டாவிடம்.

"அவங்க நம்ம ஆளுங்களுக்குத்தான் வாதாடுவாங்க."

"அப்ப இவர் யாரோட ஆளு?"

ரோண்டா பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மேலாளருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மெர்ல், அந்தக் கடிதத்தை இப்படிக் குடுங்க," என்றாள்.